பலகையில் இல்லாத பெயர்

மனைவியை, தாயை, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் எழுப்பிய மருத்துவமனைகள் நாடெங்கும் நிற்கின்றன. அந்தப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் மறந்துபோகிறது.

மும்பையில் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் டாக்ஸிக்காரரிடம் "டாடா" என்று சொன்னால் போதும். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கையில் ஃபைலோடும் எக்ஸ்ரே உறையோடும் வந்து இறங்குகிறவர்களுக்கு அந்த ஒரு சொல்லே விலாசம். எஃகு, லாரி, உப்பு, தேயிலை என்று அந்தப் பெயரில் விற்பனையாகும் பொருள்கள் ஏராளம். பரேல் வட்டாரத்தில் மட்டும் அதற்கு ஒரே அர்த்தம்: புற்றுநோய்.

மருத்துவமனையின் முழுப் பெயர் டாடா மெமோரியல். நினைவு மருத்துவமனை என்றால் யாருடைய நினைவு? வாசலில் உள்ள பலகை அதைச் சொல்வதில்லை. ஸ்தாபகர் ஜம்ஷெட்ஜி டாடாவாக இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இந்த மருத்துவமனையின் கதை ஒரு பெண்ணின் மரணத்திலிருந்து தொடங்குகிறது. அவர் பெயர் மெஹர்பாய்.

1879-ல் பம்பாயில் பிறந்து மைசூர் சமஸ்தானத்தில் வளர்ந்தவர் மெஹர்பாய். தந்தை ஹோர்முஸ்ஜி பாபா அந்தச் சமஸ்தானத்தின் கல்வித் துறைக்குத் தலைமை வகித்தவர். மைசூர் போன ஜம்ஷெட்ஜிக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போயிற்று. தன் மூத்த மகன் தோராப்ஜியை அங்கே போய்ப் பார்த்துவரச் சொன்னார். 1898 பிப்ரவரியில் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 38, மணமகளுக்கு 18.

வயதில் இருபது வருட இடைவெளி இருந்தாலும் இருவரையும் ஒரு விஷயம் சேர்த்தது: விளையாட்டு. தோராப்ஜி 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய வீரர்களை அனுப்பி வைக்கக் கைப்பணத்தைச் செலவிட்டவர். பின்னர் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் முதல் தலைவரானவர். மெஹர்பாய் டென்னிஸ் ஆடினார், அதுவும் புடவை கட்டிக்கொண்டு. ஐரோப்பியப் பெண்கள் நீளப் பாவாடையில் ஆடிய மைதானங்களில், பார்ஸி பாணிப் புடவையில் மட்டையோடு இறங்கிய இந்தியப் பெண்ணைக் கூட்டம் வேடிக்கை பார்த்தது. அறுபதுக்கும் மேற்பட்ட பரிசுகளை அவர் வென்றார். குதிரை ஏறினார், கார் ஓட்டினார், பியானோ வாசித்தார்.

பணக்கார வீட்டு மருமகளின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பம்பாய் மாகாணப் பெண்கள் கவுன்சிலையும் பிறகு தேசியப் பெண்கள் கவுன்சிலையும் உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். 1927-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு கல்லூரி மேடையில் நின்று இந்தியப் பெண்களின் நிலையைப் பற்றியும் குழந்தைத் திருமணத்தை ஒழிக்க வேண்டியதைப் பற்றியும் பேசினார். பெண்ணின் திருமண வயதை 14 ஆக உயர்த்திய சாரதா சட்டம் 1929-ல் நிறைவேறியபோது, அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் இருந்தார்.

தோராப்ஜி மனைவிக்கு வாங்கிக் கொடுத்த வைரம் அவரைவிடப் பிரபலம். ஜூபிலி வைரம் என்று பெயர். எடை 245.35 காரட், கோஹினூரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1924-ல் ஜம்ஷெட்பூர் எஃகு ஆலை தள்ளாடியது. தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்ற நிலை. தோராப்ஜி தன் சொந்தச் சொத்து முழுவதையும் இம்பீரியல் வங்கியில் ஈடு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் வாங்கினார். அந்த ஈட்டில் மெஹர்பாயின் நகைகளும் இருந்தன, ஜூபிலி வைரமும் இருந்தது. ஆலை பிழைத்தது, நகைகளும் மீண்டன. கஷ்டம் வந்தால் வீட்டுப் பெண்ணின் நகை முதலில் அடகுக் கடைக்குப் போகும் என்ற இந்திய வழக்கத்துக்கு டாடா குடும்பமும் விலக்கல்ல. பரேலுக்கு வரும் குடும்பங்களில் பல இன்றும் அதே வழியில்தான் சிகிச்சைக்குப் பணம் திரட்டுகின்றன.

நகையை அடகு வைத்துக் காப்பாற்ற முடியாத ஒன்று 1931-ல் வந்தது. மெஹர்பாய்க்கு ரத்தப் புற்றுநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து என்று எதுவும் கிடையாது. இந்தியாவில் புற்றுநோய்க்கென்று நவீன வசதிகள் கொண்ட மருத்துவமனையும் கிடையாது. ஆனால் உலகின் எந்த மருத்துவமனைக்கும் போக வசதி இருந்த குடும்பம் அது. போயும் பயனில்லை. 1931 ஜூன் 18 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஒரு நர்சிங் ஹோமில் அவர் இறந்தார். வயது 51. லண்டனுக்கு அருகே புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் பார்ஸிகளுக்கென்று ஒதுக்கிய பகுதியில் அடக்கம் செய்தார்கள்.

தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை. எழுபதைத் தாண்டியிருந்த தோராப்ஜி அடுத்த ஒரு வருடத்தில் செய்தவற்றைப் பார்த்தால், நாள் எண்ணிக்கொண்டே வேலை பார்த்த மனிதர் என்று தோன்றும். 1932 மார்ச்சில் தன் சொத்து முழுவதையும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். ஜூபிலி வைரமும் அதில் அடக்கம். ஏப்ரலில் மனைவியின் பெயரில் இன்னொரு அறக்கட்டளை: லேடி டாடா மெமோரியல் டிரஸ்ட். ரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகவே ஏற்பட்டது அது. அதன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு எந்த நாட்டு விஞ்ஞானிக்கும் போகலாம் என்று விதி. நோய்க்குத் தேசம் கிடையாது என்பதை அவர் அனுபவத்தில் கண்டிருந்தார். பிறகு மனைவியின் கல்லறையைப் பார்க்க இங்கிலாந்து புறப்பட்டார். போய்ச் சேரவில்லை. 1932 ஜூன் 3 அன்று ஜெர்மனியின் பாட் கிஸ்ஸிங்கன் நகரில் உயிர் பிரிந்தது. மெஹர்பாயின் முதலாண்டு நினைவு நாளுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. அவரையும் புரூக்வுட்டில் மனைவியின் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

வைரத்தை அறக்கட்டளை பின்னர் விற்றது. அந்த அறக்கட்டளையின் பணத்தில் பரேலில் எழுந்த மருத்துவமனை 1941 பிப்ரவரி 28 அன்று திறக்கப்பட்டது. 1957-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அதை ஏற்றுக்கொண்டது. 1962-ல் அது அணுசக்தித் துறைக்கு மாறியது. மருத்துவமனைக்கும் அணுசக்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு, புற்றுநோய்ச் சிகிச்சையில் கதிரியக்கத்துக்கு இருந்த இடத்தைச் சொல்வார்கள். இன்னொரு சம்பந்தமும் உண்டு. அப்போது அந்தத் துறையின் தலைவர் ஹோமி பாபா. மெஹர்பாயின் உடன்பிறந்த சகோதரரின் மகன். அத்தையின் நினைவில் பிறந்த மருத்துவமனை மருமகனின் பொறுப்பில் வந்து சேர்ந்தது.

ஒரு குடும்பத்தின் துக்கம் ஊருக்கு மருத்துவமனையாக மாறிய கதை இது ஒன்றுதான் என்றில்லை. இந்தியாவின் முக்கியமான புற்றுநோய் மருத்துவமனைகள் சிலவற்றின் வரலாற்றைப் புரட்டினால் முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் மரணம் இருக்கிறது.

சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் அப்படிப் பிறந்ததுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தராம்பாள் 1923-ல் குடல் புற்றுநோயால் இறந்தார். அக்காவோ 1912-லேயே டாக்டர் பட்டம் பெற்றவர். அப்படியிருந்தும் கண்ணெதிரே தங்கை போய்க்கொண்டிருப்பதைப் பார்க்க மட்டுமே முடிந்தது. சட்டமன்றம், தேவதாசி ஒழிப்பு, ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் என்று அவருடைய வாழ்க்கை பல திசைகளில் ஓடியது. தங்கையின் சாவு மட்டும் மனதில் இருந்துகொண்டே இருந்தது. புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்குத் தனி மருத்துவமனை எதற்கு என்பதே அன்றைய பொதுவான எண்ணம். முத்துலட்சுமி விடவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் சில குடிசைகளில் 12 படுக்கைகளோடு நிலையம் திறந்தது. தங்கை இறந்து 31 வருடங்கள் ஆகியிருந்தன. முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருடம் சேர்ந்து 2021-ல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் வி.சாந்தாவும் அதை நாடறிந்த நிலையமாக வளர்த்தார்கள். அங்கேயும் சுந்தராம்பாளின் பெயர் பலகையில் இல்லை.

ஹைதராபாத்தில் பெயர் இருக்கிறது. என்.டி.ராமராவ் நடிகராகும் முன்பே கைப்பிடித்த மனைவி பசவதாரகம். அவருடைய தாய்மாமன் மகள். கணவர் திரையில் ராமராகவும் கிருஷ்ணராகவும் நின்று ஆந்திரத்தையே கும்பிட வைத்த காலம் முழுவதும் இவர் வெளிச்சத்துக்கு வரவில்லை. பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பத்தை நடத்திக்கொண்டிருந்தார். 1985-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனபோது ராமராவ் முதலமைச்சர். மனைவியின் பெயரில் அறக்கட்டளை ஏற்படுத்தினார். அமெரிக்காவில் குடியேறிய இந்திய டாக்டர்கள் கை கொடுத்தார்கள். 2000 ஜூனில் பிரதமர் வாஜ்பாய் மருத்துவமனையைத் திறந்து வைத்தபோது ராமராவ் உயிரோடு இல்லை. 1996 ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் கணவரின் பெயருக்குப் பின்னால் நின்ற பெண்ணின் பெயரைத்தான் இன்று ஹைதராபாத் நோயாளிகள் தினமும் உச்சரிக்கிறார்கள்.

வாழும்போதே நாடறிந்த பெயர் நர்கிஸ். 1957-ல் வெளியான 'மதர் இந்தியா' படப்பிடிப்பில் தீ விபத்து ஏற்பட்டபோது அவரைக் காப்பாற்றியவர் படத்தில் மகனாக நடித்த சுனில் தத். அடுத்த வருடம் இருவருக்கும் திருமணம். அதோடு நர்கிஸ் அநேகமாகத் திரையை விட்டு விலகிவிட்டார். கணவரோடு கலைக்குழு அமைத்து எல்லை முகாம்களுக்குப் போய் ராணுவ வீரர்கள் முன்னால் நிகழ்ச்சிகள் நடத்தினார். மூளைவாதம் பாதித்த குழந்தைகளுக்கான பணியில் ஈடுபட்டார். 1980-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். அதே காலத்தில்தான் கணையப் புற்றுநோய் தெரியவந்தது.

நியூயார்க்கில் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை. சுனில் தத் பக்கத்திலேயே இருந்தார். ஊர் திரும்பிய நர்கிஸ் 1981 மே 3 அன்று பம்பாயில் காலமானார். வயது 51, மெஹர்பாய்க்கு இருந்த அதே வயது. மகன் சஞ்சயின் முதல் படமான 'ராக்கி' வெளிவர இருந்த வாரம் அது. சிறப்புக் காட்சியில் குடும்பத்தின் நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு வைத்தார்கள்.

சுனில் தத் அந்தக் காலி நாற்காலியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மனைவியின் பெயரில் அறக்கட்டளை தொடங்கி வெளிநாடுகளில் நிதி திரட்டினார். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்தில் பார்ஷி என்ற சிற்றூரில் உள்ள புற்றுநோய் மருத்துவமனைக்கு நர்கிஸ் தத் பெயர் வந்தது. சினிமா நட்சத்திரத்தின் நினைவுக்குப் பம்பாயில் பளிங்குக் கட்டடம் கட்டியிருக்கலாம். பார்ஷியில் நடந்ததோ வேறு.

1987-ல் அங்கே ஒரு பதிவேடு தொடங்கினார்கள். நாட்டின் முதல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவேடு அது. அதுவரை இந்தியாவில் யாருக்கு என்ன புற்றுநோய் வருகிறது என்ற கணக்கு நகரங்களில்தான் இருந்தது. கிராமத்தில் ஒருத்தி ரத்தப்போக்கில் மெலிந்து இறந்தால், வயிற்றுக் கோளாறு என்றோ விதி என்றோ சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். பார்ஷி ஊழியர்கள் காத்திருக்காமல் ஊர் ஊராகப் போனார்கள். மக்களிடம் நோயின் அறிகுறிகளைச் சொன்னார்கள், விசாரித்து எழுதிக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் பெண்களைப் பொறுத்தவரை முதலிடத்தில் நின்றது கருப்பைவாய்ப் புற்றுநோய். முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுத்துவிடக்கூடிய நோய்.

எந்தப் பரிசோதனை கிராமத்துக்கு ஒத்துவரும்? அதைத் தெரிந்துகொள்ள 1999-ல் பக்கத்து உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இன்றைய பெயர் தாராஷிவ்) ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 52 கிராமத் தொகுப்புகள். 30 முதல் 59 வயது வரையுள்ள 1,31,746 பெண்கள். பார்ஷி மருத்துவமனையும் டாடா மெமோரியலும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து நடத்திய ஆய்வு. எட்டு வருடக் கண்காணிப்புக்குப் பிறகு 2009-ல் முடிவு வெளியானது. நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை சோதித்த குழுவில் 34 பேர் அந்தப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். ஏறக்குறைய அதே அளவுள்ள, சோதனை செய்யப்படாத குழுவில் 64 பேர். வாழ்நாளில் ஒரே ஒரு சோதனை சாவைப் பாதியாகக் குறைக்கும் என்று உலகுக்குச் சொன்ன ஆதாரங்களில் முக்கியமானது இது.

அந்த 64 பேருக்கும் கணவர்கள் இருந்திருப்பார்கள், பிள்ளைகள் இருந்திருப்பார்கள். யாரும் அவர்கள் பெயரில் மருத்துவமனை கட்டவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பகுதிப் பெண்களைச் சோதிக்காமல் விட்டது முறையா என்ற கேள்வியும் பின்னால் எழுந்தது. நியாயமான கேள்விதான். அவர்கள் சாவு கணக்கில் ஏறியதால்தான் எத்தனையோ நாடுகளில் இன்று பெண்களுக்கு அந்தச் சோதனை கிடைக்கிறது என்பதும் உண்மை.

பெயர்களுக்கு நிரந்தரம் கிடையாது. தேசிய ஒருமைப்பாட்டை வலியுறுத்தும் சிறந்த படத்துக்கான தேசிய விருது பல வருடங்களாக நர்கிஸ் தத் பெயரில் கொடுக்கப்பட்டு வந்தது. 2024-ல் விருதுகளை மாற்றி அமைத்தபோது அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். நினைவு என்பதைப் பெயர்ப் பலகையாக மட்டும் பார்த்தால் அது ஓர் அரசாணையில் போய்விடும். பார்ஷிப் பதிவேட்டை அப்படி எடுத்துவிட முடியாது.

இந்தக் குடும்பங்களுக்கெல்லாம் பணமோ பதவியோ புகழோ இருந்தது. இல்லாதவர்கள்? 2022-ல் இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் சுமார் 14 லட்சம் பேர், இறந்தவர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்பது சர்வதேச மதிப்பீடு. இந்த 9 லட்சம் வீடுகளிலும் ஒரு படம் மாலையோடு மாட்டப்பட்டிருக்கும். திதியன்று ஏழைக்குச் சோறு போடுவார்கள். வசதி இருந்தால் மருத்துவமனையில் ஒரு கட்டிலுக்கோ ஒரு நாள் சாப்பாட்டுக்கோ நன்கொடை கொடுப்பார்கள். காலப்போக்கில் அவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நோயின் கடைசி மாதங்களே முன்னால் வந்து நிற்கும். முடி கொட்டியது, வலி, பணத்துக்கு அலைந்தது. அதற்கு முன்னால் இருந்த ஐம்பது வருடமும் அந்தச் சில மாதங்களுக்குப் பின்னால் மறைந்துபோகும். புடவையில் டென்னிஸ் ஆடிய பெண் 'ரத்தப் புற்றுநோயில் இறந்த டாடாவின் மனைவி' ஆகிவிடுவதும் இப்படித்தான்.

மெஹர்பாய்க்கு ஒரு வகையில் கொடுத்துவைத்திருக்கிறது. 1931-ல் எந்த நோய்க்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லையோ, அதே ரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கு மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா மெமோரியலும் சேர்ந்து புதிய சிகிச்சை ஒன்றை உருவாக்கியிருக்கின்றன. நோயாளியின் ரத்தத்திலிருந்தே எதிர்ப்புச் செல்களை எடுத்து, புற்றுநோய்ச் செல்லை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்ப உடலில் ஏற்றும் முறை. கார்-டி சிகிச்சை என்று பெயர். இந்தியாவிலேயே உருவான முதல் கார்-டி சிகிச்சைக்கு 2023-ல் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெளிநாட்டு விலையில் அது ஒரு சிறு பங்குதான். ஆனாலும் லட்சங்களில் ஆகும் செலவு. பரேல் நடைபாதையில் படுக்கை விரித்திருக்கும் குடும்பத்துக்கு அது எட்டுமா என்பது இன்னும் தீராத கேள்வி.

காலை ஏழு மணிக்கே பரேலில் வரிசை தொடங்கிவிடுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு ஓர் அட்டையும் எண்ணும் கொடுக்கிறார்கள். அட்டையில் நோயாளியின் பெயர் இருக்கிறது, மருத்துவமனையின் பெயர் இருக்கிறது. மெஹர்பாயின் பெயர் இல்லை. வரிசையில் நிற்கிறவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை. அவர்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: கூட வந்திருக்கும் அம்மாவை, மனைவியை, தங்கையை வீட்டுக்குத் திரும்ப அழைத்துப்போக முடியுமா? 1931-ல் தோராப்ஜியும் இதே கேள்வியோடுதான் நின்றார். அவருக்குக் கிடைத்த பதில் இவர்களில் சிலருக்காவது கிடைக்காமலிருக்கத்தான் இந்த மருத்துவமனை இருக்கிறது.